உறையைப் பிரிக்காமலே தெரிந்த எண்

புதிதாக ஆய்வுக்குச் சேர்ந்து என் மேசையில் வந்து உட்காரப்போகும் இருவருக்கும் இதை எழுதுகிறேன்.

முப்பத்தொரு வயதில் பணி அனுபவம் எழுதுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். முடி நரைத்து, மாலை போட்டு, வீட்டுக்கு அனுப்பிய பிறகு எழுத வேண்டியது. ஆனால் ஜூன் மாதத்திலிருந்து நான் குன்றாண்டார்கோவில் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப்பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். குவாசர் வேலையைப் பொறுத்தவரை இது எனக்கு ஓய்வு. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நிரலை எப்படி ஓட்டுவது, படத்திலிருந்து வெளிச்சத்தை எப்படி அளப்பது என்பதையெல்லாம் ஷமீமா அக்கா சொல்லித் தருவார். என்னைவிட ஓராண்டு மூத்தவர், கோட்டைப்பட்டினத்துக்காரர், நான்கு வருடமாக நம் படங்களை ஒவ்வொன்றாக அளந்தவர். நான் சொல்லப்போவது அவர் சொல்லித் தர முடியாத ஒரு தப்பைப் பற்றி. ஏனென்றால் அந்தத் தப்பைச் செய்தவன் நான்.

புதுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு குவாசரா என்று உங்களையும் கேட்பார்கள். திருக்கோகர்ணம் டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டால் நான் இப்படிச் சொல்வேன். கந்தர்வக்கோட்டையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பைக்கை எடுக்கிறார்கள். ஒருவர் தார்ச்சாலையில் நேராக வருகிறார். இன்னொருவர் முந்திரிக்காட்டுக்குள் புகுந்து சுற்றி வருகிறார். இரண்டு பேரும் ஒரே செய்தியைத்தான் கொண்டுவருகிறார்கள், ஆனால் ஒரே நேரத்தில் வந்து சேர மாட்டார்கள். நம் குவாசரும் அப்படித்தான். வெகு தூரத்தில் ஒரு கருந்துளையைச் சுற்றிப் பளிச்சென்று எரியும் ஒளி அது, ஒன்றே ஒன்று. நடுவில் ஒரு விண்மீன் திரள் குறுக்கே நிற்கிறது. அதன் ஈர்ப்பு ஒளியை வளைத்து இரண்டு வழியாக அனுப்புகிறது. நமக்கு இரண்டு புள்ளி தெரிகிறது. செய்தி முதலில் வந்து சேரும் புள்ளியை நாங்கள் மூத்தது என்போம், பின்னால் வருவதை இளையது என்போம். குவாசர் கூடியும் குறைந்தும் ஒளிரும். மூத்தது இன்று எப்படிக் கூடிக் குறைகிறதோ, இளையது சில வாரம் கழித்து அப்படியே கூடிக் குறையும். எத்தனை நாள் கழித்து என்பதுதான் நம் வேலை. அந்த நாள் சரியாகத் தெரிந்தால் பிரபஞ்சம் எந்த வேகத்தில் விரிகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

பக்கத்து சீட்டுக்காரர் பெரும்பாலும் கடைசியில் ஒன்று கேட்பார். “அதைத் தெரிஞ்சு என்னங்க செய்யப்போறீங்க?” இதற்கு என்னிடம் நல்ல பதில் இன்றுவரை இல்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வடக்கே மலையிலுள்ள ஒரு தொலைநோக்கி நமக்காக நான்கு நாளுக்கு ஒரு முறை அந்தக் குவாசரைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள். ஷமீமா அக்கா படங்களை அளந்து ஒரு பட்டியல் போடுவார்: தேதி, மூத்ததன் வெளிச்சம், இளையதன் வெளிச்சம். அதை வைத்துத் தாமதத்தைக் கண்டுபிடிப்பது என் பங்கு.

இந்த வேலையில் ஒரு பெரிய ஆபத்து, விடை இவ்வளவுதான் இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுவது. நடுவிலிருக்கும் விண்மீன் திரளின் எடையைக் கணக்கிட்ட வேறோர் ஊர்க் குழுவினர், தாமதம் அறுபது நாள் சுமார் இருக்கும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். எங்கள் காதிலும் விழுந்தது. விழுந்ததை எடுத்து வெளியே போட முடியாது. அதனால் எங்கள் துறைப் பேராசிரியர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எல்லோரும் அவரை மேடம் என்றே கூப்பிடுவோம், நானும் அப்படியே எழுதுகிறேன். இளையதன் தேதிகளை மட்டும் யாருக்கும் தெரியாத ஓர் எண்ணிக்கையில் முன்னாலோ பின்னாலோ தள்ளிவிடுவார்கள். தள்ளிய பட்டியல்தான் என் கைக்கு வரும். எனக்கு எழுபது நாள் என்று விடை வந்தாலும், நூறு நாள் என்று வந்தாலும், அது அறுபதுக்குப் பக்கமா தூரமா என்று எனக்குத் தெரியாது. விடையை இறுதி செய்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்த எண் இருக்கும் உறையைப் பிரிப்பது.

எண்ணைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஸ்டோர் கீப்பர் லூர்து அண்ணனுக்கு. குழுவுக்கு வெளியே உள்ள ஆள், அலமாரிச் சாவி வைத்திருப்பவர், வேறு காரணம் இல்லை. மேடம் அவரைக் கூப்பிட்டு, கணினியில் ஒரு எண்ணைத் தட்டச் சொல்லி, அதையே ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டி வைக்கச் சொன்னார். அன்று அண்ணன் என்னைக் கேட்டது நினைவிருக்கிறது.

“தம்பி, இந்தக் கவருக்குள்ள என்ன இருக்கு, பெரிய ரகசியமா?”

“நீங்கதானண்ணே எழுதினீங்க. ஒரு நம்பர்.”

“அது தெரியுது. ஒத்த நம்பரு. அதுக்குப் போயி ஆசிட் பாட்டில் வைக்கிற அலமாரியில வச்சுப் பூட்டச் சொல்றாங்களே மேடம்.”

“வெளியே தெரிஞ்சா வேலை கெட்டுப்போகும்ணே.”

“எங்கிட்ட இருந்து போகாதுப்பா. வீட்டுல கூடச் சொல்ல மாட்டேன்.”

சொல்லவில்லை. சொன்ன சொல்லில் நின்ற மனிதர்.

பட்டியல் வந்த அன்றே அதைத் தாளில் வரைந்தேன். மேலே மூத்தது, கீழே இளையது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் மேலே ஓர் இடம் வெற்றாக இருந்தது. கீழேயும் ஓர் இடம் வெற்றாக இருந்தது. இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக இல்லை. கீழே உள்ளது கொஞ்சம் வலப்பக்கம் தள்ளியிருந்தது.

உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். மூத்ததும் இளையதும் ஒரே படத்தில் இருப்பவை. தொலைநோக்கியை மூடினால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் மூடுகிறார்கள். மூத்ததற்கு ஒரு நாள், இளையதற்கு வேறொரு நாள் மழைக்காலம் தொடங்க முடியாது. ஆகவே கீழே உள்ள வெற்றிடம் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அதுவே லூர்து அண்ணன் தட்டிய எண். அளவுகோலை வைத்துப் பார்க்கவே தேவையில்லை. மழைக்கு முந்தைய கடைசித் தேதி இரண்டையும் கழித்தால் போதும். நான் வேண்டுமென்று கழிக்கவில்லை. கண் கழித்துவிட்டது. இருபத்து மூன்று.

தாளை மடித்து வைத்தேன். உறையை நான் பிரிக்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றே மேடத்திடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பதை நேர்மையாக எழுத வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். வாத்தியார் செய்ததில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. ஏனென்றால் வாத்தியாரோடு பேசிய பழக்கமே கிடையாது. மேடத்துக்கு இது தெரியாமலா இருக்கும், வேறு ஏதோ காரணம் வைத்திருப்பார், நான் கேட்டால் இதுகூடப் புரியவில்லையா என்பார். இப்படி ஓடியது என் புத்தி. மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். அது பயம்.

பிறகு வேலை தொடங்கியது. தாமதத்தைத் தேடும்போது, இளையதை ஒவ்வொரு நாளாக நகர்த்தி மூத்ததோடு எங்கே நன்றாகப் பொருந்துகிறது என்று பார்ப்போம். பொருந்துகிற இடத்தில் வரைபடத்தில் ஒரு பள்ளம் விழும். எனக்கு இரண்டு பள்ளம் விழுந்தது. ஆழமானது நூற்றுப்பத்து நாளில். கொஞ்சம் ஆழம் குறைந்தது எண்பத்து நான்கில்.

என் மூளை இருபத்து மூன்றைக் கழித்தது. நூற்றுப்பத்து என்றால் எண்பத்தேழு. எண்பத்து நான்கு என்றால் அறுபத்தொன்று. அந்தக் குழுவினர் சொன்னது அறுபது.

நான் எதையும் பொய்யாக மாற்றவில்லை, இதை நம்புங்கள். ஆனால் நூற்றுப்பத்து ஆழமாக வந்த ஒவ்வொரு தடவையும் எங்கோ பிழை இருக்கிறது என்று தேடினேன். தேடினால் கிடைக்கும். ஒரு நாள் மேகம், ஒரு நாள் நிலா வெளிச்சம். அந்த நாட்களை நீக்கினேன். மறுபடி ஓட்டினேன். மறுபடி தேடினேன். ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள் எண்பத்து நான்கு ஆழமாக வந்தது. அத்தோடு என் கை நின்றுவிட்டது. அதில் பிழை இருக்குமா என்று நான் தேடவில்லை. தேட வேண்டும் என்றே தோன்றவில்லை. அன்று சீக்கிரம் கிளம்பிப்போய் பஸ் ஸ்டாண்டில் பரோட்டா சாப்பிட்டேன்.

அப்படியே எழுதி முடித்திருந்தால் ஒருவேளை யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். ஆனால் டிசம்பர் முதல் வாரம் மூத்தது திடீரென்று பளிச்சென்று ஏறியது. பத்துப் பன்னிரண்டு நாளில் ஏறி இறங்கிவிட்டது. நான்கு வருடப் படங்களில் அப்படி ஓர் ஏற்றம் இல்லை. ஷமீமா அக்கா நாற்காலியை விட்டு எழுந்து நின்றே அளந்தார்.

“அடைக்கலம், இங்கிட்டு வாடா. இதைப் பாரு. இது இளையதுலயும் வரணும்ல?”

“வந்தே ஆகணும்க்கா.”

“அப்ப அதைப் பிடிச்சிட்டோம்னா நம்ம ரெண்டு பேரு தீசிஸும் முடிஞ்சது. அரிச்சு எடுத்துட்டாங்கடா எங்க வீட்டுல, எப்ப முடிப்ப எப்ப முடிப்பன்னு.”

அவர் சொன்னது சரி. இவ்வளவு கூரான ஏற்றம் இரண்டிலும் பதிவானால் பள்ளமெல்லாம் தேட வேண்டாம், தாமதத்தை விரல் விட்டு எண்ணலாம். தவறவிட்டால் அப்படி இன்னொன்று எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. நான்கு வருடம் அளந்தவரின் உழைப்பும் என் இரண்டு பள்ளத்தில் போய் மாட்டிக்கொள்ளும்.

சிக்கல் என்னவென்றால், நம் தொலைநோக்கியின் கண்ணாடிக்குப் புதுப் பூச்சுப் போட ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முடிய நிறுத்தி வைக்கவிருந்தார்கள். மேடம் அலைந்து திரிந்து வேறொரு பெரிய தொலைநோக்கியில் இடம் கேட்டார். பத்து நாள் தருகிறோம், தொடர்ந்து பத்து நாள், எந்தப் பத்து என்று பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பத்தில் எழுதுங்கள் என்றார்கள். ஒரே ஒரு கட்டம். அதில் ஒரே ஒரு தேதி.

என் விடைப்படி அறுபத்தொரு நாள் என்றால் பிப்ரவரி முதல் வாரம். எண்பத்தேழு என்றால் மார்ச் முதல் வாரம். இரண்டையும் பத்து நாளுக்குள் அடக்க முடியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மேடம் எங்களை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் எங்கள் வழக்கப்படியான தாள். மூன்று வரிதான் இருக்கும். என் விடை இது. இதற்கு மேல் இதை மாற்ற மாட்டேன். உறையில் உள்ள எண் எனக்குத் தெரியாது. கீழே கையெழுத்து. லூர்து அண்ணன் உறையோடு கதவருகே நின்றார். சட்டையை இன் பண்ணியிருந்தார், அன்றைக்கென்று.

நான் முதல் வரியில் எண்பத்து நான்கு என்று நிரப்பினேன். இரண்டாவது வரியைப் படித்தேன். மூன்றாவது வரியைப் படித்தேன்.

“என்னப்பா, பேனா எழுதலையா?” என்றார் மேடம்.

“எழுதுது மேடம்.”

“அப்பறம்?”

“நம்பர் எனக்குத் தெரியும் மேடம்.”

மேடம் என்னை நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. “என்ன நம்பர், சொல்லு.”

“இருபத்து மூணு.”

மேடம் கை நீட்டி உறையை வாங்கிப் பிரித்தார். தாளைப் பார்த்தார். அடுத்து அவர் நிமிர்ந்து பார்த்தது என்னை இல்லை, லூர்து அண்ணனை.

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. என் தப்பைச் சொன்னால் திட்டு எனக்கு விழும் என்று மட்டும் கணக்குப் போட்டிருந்தேன். அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“மேடம், எங்க ஆத்தா மேல சத்தியமா நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல. சாவி கூட இடுப்புலதான் இருக்கும். தம்பி, நான் ஒங்கிட்டச் சொன்னனா? சொல்லுப்பா, சொன்னனா?”

“இல்லண்ணே, நீங்க சொல்லல.”

“அப்ப எப்படிடா தெரியும்?” இது ஷமீமா அக்கா. அவர் குரலில் கோபம் இருந்தது.

என் பையிலிருந்து அந்த முதல் நாள் தாளை எடுத்தேன். நடுவில் மடித்து, மூத்தது ஒரு பக்கமும் இளையது ஒரு பக்கமுமாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு பக்க வெற்றிடங்களும் கொஞ்சம் விலகித் தெரிந்தன. மேடம் கிட்ட வந்து, விரலால் ஓர் ஓரத்தைத் தொட்டு, அடுத்த ஓரத்தைத் தொட்டு, “அட ஆண்டவனே” என்றார். பிறகு சிரித்துவிட்டார். அதுவும் நான் எதிர்பார்க்காததுதான்.

லூர்து அண்ணன் எட்டிப் பார்த்தார். “என்ன மேடம் இது?”

“மழை லூர்து. மழைக்கு லீவு விட்டது ரெண்டுக்கும் ஒரே நாளு. நீங்க ஒண்ணை மட்டும் தள்ளினீங்கள்ல, லீவும் சேர்ந்து தள்ளிப்போச்சு.”

“அப்ப மழைதான் காட்டிக் குடுத்துச்சா?” அண்ணன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் அலமாரிக்கு ரெட்டப் பூட்டுல்ல போட்டேன்.”

ஷமீமா அக்கா சிரிக்கவில்லை. “எப்ப தெரியும் ஒனக்கு?”

“மொத நாளே.”

“மொத நாளே தெரிஞ்சு அஞ்சு மாசம் வாய மூடிட்டு இருந்தியா? நல்லாருக்குடா.”

மேடம் குறுக்கே வந்தார். “அவன் சொல்லாதது தப்பு. ஓட்டையோட செஞ்சு குடுத்தது என் தப்பு. சண்டைய அப்பறம் வச்சுக்குவோம். இப்ப எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். அந்த அறுபத்தொண்ணு நிஜமா இல்லையா?”

இதைக் கவனியுங்கள். எண் தெரிந்துபோய்விட்டது என்பதாலேயே விடை தப்பாகிவிடாது. அறுபத்தொன்று உண்மையாகவும் இருக்கலாம். அது உண்மையா என்று சொல்லும் தகுதி எனக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். அந்த வித்தியாசம் அன்று எனக்குப் புரிய நேரமானது.

மூன்று நாள் இருந்தது. மேடம் இந்த முறை பட்டியலை வருடம் வருடமாகத் துண்டு போட்டார். ஒவ்வொரு துண்டின் ஓரங்களையும் மூத்ததில் ஓர் அளவு, இளையதில் வேறோர் அளவு என்று வெட்டினார், எந்த வெற்றிடம் மழை, எது வெட்டியது என்று தெரியாதபடி. லூர்து அண்ணன் புதிதாக ஓர் எண் தட்டினார். தட்டுவதற்கு முன்னால் அறையில் இருந்த எல்லோரையும் வெளியே போகச் சொன்னார், மேடம் உட்பட. ஷமீமா அக்கா தாமதத்தைத் தேட வேண்டும். என்னிடம் பேசக் கூடாது. அதற்கு உத்தரவே தேவைப்படவில்லை.

எனக்கு மேடம் ஒரே ஒரு வேலை கொடுத்தார். “நீ நீக்கின நாளெல்லாம் எடு. ஏன் நீக்கினன்னு படத்தப் பாத்து எனக்குச் சொல்லு.”

பதினேழு நாள் நீக்கியிருந்தேன். என் நோட்டில் ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுதியிருந்தது. மேகம். மேகம். நிலா. மேகம். அப்புறம் ஆறு இடத்தில் ஒரே சொல்: சரியில்லை.

என்ன சரியில்லை? படத்தைத் திறந்தேன். வானம் சுத்தமாக இருந்தது. புள்ளிகள் கூராக இருந்தன. அன்று காலை புதிதாக ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் நல்ல படம் என்றுதான் சொல்லியிருப்பார். ஆறும் அப்படியே. அந்த ஆறில் சரியில்லாதது அறுபதுக்கு ஒத்துவராததுதான். என் கையெழுத்து, என் பேனா. எழுதும்போது ஒரு பொய் சொல்கிற உணர்வு கொஞ்சமும் இருந்ததாக நினைவில்லை. ஏமாற்றுகிறவனுக்காவது தான் ஏமாற்றுவது தெரியும். எனக்கு அதுகூடத் தெரிந்திருக்கவில்லை என்பதுதான் அந்த நோட்டைப் பார்த்தபோது என்னை உலுக்கியது.

வெறும் வெட்கத்தோடு அது நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு நாளையும் திரும்பப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு ஆர்வம் வந்துவிட்டது. இவை என்ன சொல்ல வந்தன, நான் கேட்காமல் அனுப்பிவிட்டேனே என்று. ஐந்து மாதத்தில் முதல் முறையாக, விடை என்னவென்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அந்த நிலை நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு ஷமீமா அக்கா மேடத்தின் அறைக்கு வந்து தாளில் மூன்று வரிக்கும் கீழே கையெழுத்துப் போட்டார். லூர்து அண்ணன் உறையைப் பிரித்துத் தானே படித்தார், வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி: “மைனஸ் பதினாலு.” கழித்துப் பார்த்தோம். எண்பத்தாறு நாள். ஐந்து நாள் கூடலாம், ஐந்து நாள் குறையலாம்.

மேடம் பலகையில் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். என்னுடையது அறுபத்தொன்று, மூன்று நாள் கூடக் குறைய. என்னுடையதுதான் பார்க்க அழகாக இருந்தது. வெளியூர்க் குழுவினர் சொன்னதோடும் ஒத்துப்போனது. அந்தக் குழுவினர் லேசான ஆட்களில்லை.

“நீ சொல்லு அடைக்கலம். எந்தப் பத்து நாள் எழுதட்டும்?”

“என்னைக் கேக்காதீங்க மேடம்.”

“ஒன்னையத்தான் கேக்குறேன். அந்த அறுபத்தொண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு ஒனக்குத்தான் தெரியும்.”

நான் நோட்டை எடுத்து மேசையில் வைத்தேன். “பதினேழுல பதினொண்ணு நியாயம் மேடம். ஆறு நியாயமில்ல. ஆறையும் திரும்பச் சேர்த்தா அறுபத்தொண்ணு நிக்குமான்னு நான் ஓட்டிப் பாக்கல. பாத்தா மறுபடியும் ஏதாவது செஞ்சிருவேன். மார்ச் எழுதுங்க.”

ஷமீமா அக்கா மூன்று நாளில் முதல் முறையாக என்னைப் பார்த்தார். “தப்பாப் போச்சுன்னா?”

“தப்பாப் போனா ஒங்க நாலு வருசம் போயிரும்க்கா. தெரியும். இருந்தாலும் மார்ச்சுதான்.”

அவர் நோட்டை என் பக்கம் தள்ளினார். “சரி, எழுதுங்க மேடம். இவனுக்கே இவன் நம்பர் வேணாம்னா நம்மளுக்கு எதுக்கு?”

நாலு நாற்பதுக்குக் கரண்ட் போனது. லூர்து அண்ணன் தன் போனிலிருந்து இணையம் கொடுத்தார். மடிக்கணினியில் பதினொரு சதவீதம் சார்ஜ். பிப்ரவரி கடைசியில் தொடங்கும் பத்து நாள் என்று அந்தக் கட்டத்தில் எழுதி அனுப்பினோம்.

பிப்ரவரி கடைசி வரை எங்களுக்குக் கண் கிடையாது. நான் சொன்ன அறுபத்தொன்று சரியென்றால் அந்த முதல் வாரத்தில் இளையது ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், பார்க்க ஆளிருக்காது. வெளியூர்க் குழுவிலிருந்து ஒரு மடல் வந்தது. படமெடுத்தீர்களா, எங்கள் கணக்குப்படி ஏற்றம் இந்நேரம் முடிந்திருக்க வேண்டுமே என்று. மேடம் ஒரு வரியில் பதில் போட்டார்: இன்னும் எடுக்கவில்லை, காத்திருக்கிறோம். அந்த வரியை என்னைத்தான் தட்டச்சு செய்யச் சொன்னார்.

பெரிய தொலைநோக்கியின் படங்கள் காலை ஒன்பது மணிக்கு வரும். முதல் இரண்டு நாள் மேகம். மூன்றாம் நாள் படம் வந்தது, இளையது அசையவில்லை. நான்காம் நாளும் அசையவில்லை. அசையாமல் இருப்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. இனிமேல் ஏறப்போகிறது, அல்லது எப்போதோ ஏறி இறங்கிவிட்டது. டீ வாங்கி வந்த லூர்து அண்ணன் தினமும் ஒரே கேள்விதான் கேட்டார்: “ஏறுதா?” நான்காம் நாள் ஷமீமா அக்கா, “அண்ணே, நாளைக்கு நீங்க கேக்காம டீயை மட்டும் வச்சிட்டுப் போங்க” என்றார்.

ஐந்தாம் நாள் காலை படம் வந்ததும் அவர் ஒரு காரியம் செய்தார். என்னை எதிர் மேசைக்குப் போகச் சொன்னார். “நீ தனியா அள. நான் தனியா அளக்குறேன். வாயத் தொறக்காத. தாள்ல எழுதிக் கவுத்து வை.”

அரை மணி நேரம் ஆனது. அளந்து முடித்தேன். மறுபடி அளந்தேன், அதே எண். எழுதிக் கவிழ்த்தேன். அவரும் கவிழ்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. லூர்து அண்ணன் டீயை வைத்துவிட்டு நின்றார், கேட்கவில்லை. மேடம் அவரையே தாள்களைத் திருப்பச் சொன்னார். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்பினார்.

எங்கள் இரண்டு எண்ணும் கடைசி இலக்கத்தில் மட்டும்தான் வேறுபட்டன. இளையது ஏறிவிட்டது.

“ரெண்டும் ஒண்ணுதானே? அப்ப ஏறிருச்சா?” என்றார் அண்ணன். ஷமீமா அக்கா தலையாட்டினார். பிறகு ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “அடைக்கலம், ஒன்னைய இன்னும் மன்னிக்கலடா நானு” என்றார். குரலில் சிரிப்பு இருந்தது.

ஏழாம் நாள் உச்சம். கணக்குப் போட்டால் எண்பத்தெட்டு நாள். கட்டுரை எழுதும்போது மேடம் ஒரு பத்தியை எனக்கென்று விட்டுவைத்தார். முதல் ஆய்வை நாங்கள் ஒதுக்கினோம், ஏனெனில் மறைத்து வைத்த எண் ஆய்வு செய்தவருக்குத் தெரிந்திருந்தது, மறைத்த முறையில் பிழை இருந்தது என்று எழுதினேன். இரண்டாம் பாதியை எடுத்துவிடலாமா, அது உங்கள் பெயருக்கு அல்லவா என்று மேடத்திடம் கேட்டேன். கேட்கிற தைரியம் அதற்குள் வந்திருந்தது. “எடுக்காத. அடுத்தவன் அதே ஓட்டையில விழுவான்” என்றார்.

ஆகவே நீங்கள் வந்த முதல் வாரமே, நாங்கள் உங்களிடம் கொடுப்பதில் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். கண்டால் அன்றே சொல்லுங்கள். தாமதித்தால் பழி யார் தலையில் போய் இறங்கும் என்று நம்மால் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இன்னொன்று. மூத்தது டிசம்பரில் ஏறிய அளவுக்கு இளையது ஏறவில்லை. முக்கால் பங்குதான் ஏறியது. நாள் சரியாக வந்துவிட்டது, உயரம் வரவில்லை. நடுவில் நிற்கும் விண்மீன் திரளின் வெளிச்சம் இளையதோடு கலந்துவிட்டதா, அந்தத் திரளின் ஒரு தனி விண்மீன் குறுக்கே வந்ததா, நாங்கள் அளந்ததில்தான் ஏதாவதா, தெரியவில்லை. நானும் ஷமீமா அக்காவும் ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறோம். என்ன காரணம் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் உங்கள் காதில் விழுந்துவிடும்.

படங்கள் எல்லாம் கணினியில் இருக்கின்றன. நீங்களே பாருங்கள்.